மேன்லிமிட் அண்ணாச்சியும் பம்பாயில் ஒன்பது மணி நேரமும்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். ழ, ள இரண்டும் என் பேனாவுக்கு ஒன்றுதான். எங்கள் பக்கத்து வாய்க்கும் ஒன்றுதான். அச்சுக்குக் கொடுக்கிறவர் திருத்திக்கொள்ள வேண்டும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதுவும் என் கணக்கில்தான் ஐந்து. வாத்தியார் பேர் வாசிக்கும்போது "உள்ளேன் ஐயா" என்று சத்தமாகச் சொல்ல எனக்கு வெட்கம். முதல் வரிசையில் அவர் காலடியிலேயே உட்கார்ந்துகொண்டு தினமும் ஆப்சென்ட் ஆனேன். பள்ளிக்கூடத்துப் பதிவேட்டைக் கேட்டால் நான் மூன்றாம் வகுப்போடு ஊரைவிட்டே போய்விட்டேன் என்றுதான் சொல்லும்.

இப்படிப்பட்ட ஆள் பத்திரிகைக்கு எழுதத் துணிந்ததற்குக் காரணம், எழுதப்படுகிற ஆள். தமிழ்நாட்டில் எந்த அறைக்குள்ளும் ஐந்தாவது ஆளாகக் காலெடுத்து வைக்காத மனிதர் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் மேன்லிமிட் அண்ணாச்சி ஒருவர்தான்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் பட்டாசுக் கம்பெனிகளில் வேலை நடக்கிற ஒவ்வொரு ஷெட்டின் சுவரிலும் "மேன் லிமிட் 4" என்று பெயின்டில் எழுதியிருக்கும். உள்ளே நாலு பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்று அர்த்தம். வாசலில் ஒரு செம்புத் தகடு இருக்கும். உடம்பில் ஏறியிருக்கிற கரண்டை இறக்குவதற்காக அதைக் கையால் தொட்டுவிட்டு, செருப்பில்லாமல் உள்ளே போக வேண்டும். சாயங்காலம் சங்கு ஊதியதும் நாங்கள் எல்லாரும் இந்தச் சட்டத்தையெல்லாம் கம்பெனி வாசலிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போவோம். அண்ணாச்சி மட்டும் கூடவே கொண்டுபோவார்.

ஆமத்தூரில் முடிவெட்டுகிற கடையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தால் அவர் வெயிலில் நிற்பார். டவுன் பஸ்ஸில் ஏறியதே கிடையாது. புதுப்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் கம்பெனிக்கு சைக்கிள்தான். ஓட்டுப் போடப் போனால் உள்ளே அதிகாரிகளே ஆறு பேர் இருப்பார்கள். "மூணு பேரு வெளிய வாங்க சார், நான் ஒரு குத்து குத்திட்டுப் போயிருதேன்" என்பார். அவருடைய கல்யாணத்தில் மணமேடைக்கு ஐந்தாவதாக மச்சினன் ஏறியதும் மாப்பிள்ளை எழுந்து இறங்கிவிட்டார் என்று சொல்லுவார்கள். நான் பார்க்கவில்லை. ஆனால் நம்புகிறேன். எந்தக் கதவுக்குள் நுழைந்தாலும் முதலில் பக்கத்தில் இருக்கிற இரும்பைத் தொட்டுவிட்டுத்தான் நுழைவார். காலில் செருப்பே கிடையாது.

அவருக்கு மேன்லிமிட் என்று பேர் வைத்தவன் நான்தான். நான் பேக்கிங்கில் லேபிள் ஒட்டுகிறவன். அவர் மருந்து ரூம். ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் இருந்தவன் காதில் மட்டும் மெதுவாகச் சொன்னேன். வாழ்நாளில் நான் சொன்ன ஒரே ஜோக். மறுநாள் கம்பெனி முழுக்க அதுதான் அவர் பேர். முப்பது வருஷமாக அதைச் சொல்லிச் சிரித்தோம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் எஸ்தர் நாக்பூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். கூட வேலை பார்க்கிற பையனை அவளுக்குப் பிடித்துவிட்டது. பையன் அந்த ஊர்க்காரன், நல்ல குடும்பம், எங்களைப்போல் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர்கள்தான். நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்தார்கள். அந்த வீட்டில் ஒரு வழக்கம்: பெண்ணின் தகப்பன் எழுந்து நாலு பேருக்கு முன்னால் நாலு வார்த்தை பேசிச் சம்மதம் சொன்னால்தான் மோதிரம் மாற்றுவார்கள். "ஆளைவிட்டுச் சொல்லக்கூடாதாம்ப்பா. நீங்களே நேர்ல வந்து சொல்லணுமாம்" என்றாள் எஸ்தர்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பஸ்ஸில் "ஸ்டாப்பிங்" என்று சத்தம் கொடுக்க வெட்கப்பட்டு, அடுத்த ஊரில் இறங்கி நடந்து வருகிறவன் நான்.

என் மனைவி பத்து நாளுக்கு முன்பே ரயிலில் நாக்பூர் போய்விட்டாள். சீசன் நேரமானதால் எனக்கு மூன்று நாள்தான் லீவு. அதனால் எஸ்தர் விமான டிக்கெட் போட்டாள். மதுரையிலிருந்து பம்பாய், அங்கே ஒன்பது மணி நேரம் காத்திருந்து, பிறகு நாக்பூர். டிக்கெட் இரண்டு. இரண்டாவது டிக்கெட் மேன்லிமிட் அண்ணாச்சிக்கு. என் மனைவியின் யோசனை அது.

"அவுகளையும் கூட்டிட்டு வாங்க. நீங்க தனியா வந்தா வழி கேக்க வெக்கப்பட்டே தொலைஞ்சிருவீக. அவுக இருந்தா ரெண்டு பேராத் தொலைவீக, தேட லேசு" என்று போனில் சொன்னாள்.

எனக்கு வேறு யோசனை. அண்ணாச்சிக்கு வாய் அதிகம், கலெக்டரிடமும் பேசுவார். எனக்குப் பதில் அந்த நாலு வார்த்தையை அவர் பேசிவிடுவார் என்று ரகசியமாக நினைத்திருந்தேன். நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்காத நானும், நாலு பேருக்கு மேல் சேராத அவரும் இப்படியாகப் பயணம் புறப்பட்டோம்.

மதுரை விமான நிலையம் அண்ணாச்சிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

"ஏலே செல்லத்துரை, நல்ல கம்பெனிலே இது. தீப்பெட்டி இருக்கான்னு கேக்காக. செல்போனை வாங்கித் தட்டுல வைக்காக. செருப்பைக் கழட்டச் சொல்லுதாக. போர்மேன் கண்டிப்பான ஆளு போல" என்றார். உடம்பைச் சோதிக்கிற இரும்புச் சட்டத்தைச் செம்புத் தகடு என்று நினைத்துக்கொண்டு இரண்டு கையாலும் தடவி, கண்ணில் ஒற்றிக்கொண்டு நுழைந்தார்.

பிறகுதான் வம்பு. ஒரு அதிகாரி வெள்ளைத் துணித்துண்டால் அண்ணாச்சியின் மஞ்சள் பையைத் துடைத்து ஒரு மெஷினில் வைத்தார். மெஷின் கத்தியது. இன்னொரு முறை துடைத்தார். இன்னும் சத்தமாகக் கத்தியது. தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர் ஓடி வந்தார்.

"என்ன வேலை பார்க்கறீங்க?"

"மருந்து ரூம்ல இருக்கேன் சார்."

"ஓ, பார்மசியா?"

"பார்மசி இல்ல சார், புதுப்பட்டி."

"பையில என்ன மருந்து?"

"பையில இல்ல. கம்பெனியிலதான் இருக்கு. தரைச்சக்கரத்துக்கு வேற மருந்து, புஸ்வாணத்துக்கு வேற மருந்து. உங்களுக்கு எது சார் வேணும்?"

எங்கள் ஊரில் மருந்து என்றால் ஒன்றுதான், வெடிமருந்து. அதை எடுத்துச் சொல்ல வேண்டியவன் நான். என் வாய் ஒட்டிக்கொண்டது. ஒரு பெரிய அதிகாரி வந்து, கம்பெனி அடையாள அட்டையைப் பார்த்து, யாருக்கோ போன் போட்டு, கடைசியில் சிரித்துவிட்டார். "ஊருக்குப் போறப்ப புதுப் பை எடுத்துட்டு வரக்கூடாதாய்யா?" என்றார். அந்தப் பை வருஷக்கணக்காக மருந்து ரூம் ஆணியில் தொங்கிய பை என்று நானும் சொல்லவில்லை.

விமானத்துக்குள் நூற்றைம்பது பேராவது இருப்பார்கள். அண்ணாச்சி வாசலிலேயே நின்றுவிடுவார் என்று பயந்தேன். அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். "வரிசைக்கு மூணு சீட்டு. முன்னால ஒரு தடுப்பு, பின்னால ஒரு தடுப்பு. அப்ப இது ஒரு ரூமு. மூணு பேரு. சரியாத்தான் இருக்கு" என்று உட்கார்ந்துவிட்டார். விமானப் பெண் வந்து, அவசரத்துக்கு வெளியே போகிற கதவு எங்கெங்கே இருக்கிறது என்று இரண்டு கையையும் நீட்டிக் காட்டினாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "வேலைக்குச் சேந்த அன்னைக்கு எனக்குக்கூட இப்படி விளக்கமா யாரும் சொல்லலலே" என்றார்.

எனக்கு வேறு கஷ்டம். ஜன்னலோரத்தில் நான். நடைபாதை ஓரத்தில் கோட்டுப் போட்ட ஒருவர். அவரை எழுந்திருக்கச் சொல்ல வெட்கப்பட்டு, மதுரையிலிருந்து பம்பாய் வரை அடக்கிக்கொண்டே போனேன். இரண்டு மணி நேரம் மேகம் பார்த்தேன் என்று பிறகு எல்லாரிடமும் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தேன் என்பதுதான் உண்மை.

பம்பாயில் இறங்கியபோது காலை பதினொரு மணி. அடுத்த விமானம் ராத்திரி எட்டு மணிக்கு. காத்திருக்கிற ஹாலைப் பார்த்ததும் அண்ணாச்சி நின்றுவிட்டார். எங்கள் கம்பெனியையே தூக்கி உள்ளே வைக்கலாம், அவ்வளவு பெரிய ஹால். அங்கே வரிசை இல்லை, தடுப்பு இல்லை. ஆயிரம் தலை.

"ஒரே ஷெட்டுலே இது. ஒன்பது மணி நேரம் என்னால முடியாது. வா, வெளிய போயி ஊரைப் பாத்துட்டு வருவோம்."

"வேண்டாம்ணாச்சி. வழி தெரியாது. பாஷை தெரியாது."

"பாஷை எனக்குத் தெரியும்லே."

அவருக்குத் தெரிந்த இந்தி, வடக்கே போகிற லாரிக்காரர்களிடம் கற்றது. சரக்குக்கு மால், சீக்கிரத்துக்கு ஜல்தி, ஆளுக்கு ஆத்மி, ஒன்றும் இல்லாததற்குக் காலி. இந்த நாலு வார்த்தைதான். வேண்டாம் என்று இரண்டாவது முறை சொல்ல எனக்குத் தைரியம் இல்லாததால் நானும் வெளியே வந்தேன். நாங்கள் பம்பாயைச் சுற்றிப் பார்க்கப் போனதாக யாரும் நினைக்க வேண்டாம். பம்பாயில் நாலு பேருக்குக் குறைவாக இருக்கிற ஒரு இடத்தைத் தேடிப் போனோம்.

ஆட்டோவில் டிரைவரோடு மூன்று பேர், அது சரி. அண்ணாச்சி கம்பியைத் தொட்டுவிட்டு ஏறினார்.

"காலி" என்றார் டிரைவரிடம்.

"கியா காலி?"

"ஆத்மி காலி. புல்லா காலி. ஜல்தி."

டிரைவர் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். என் முகம் எப்போதும் எழவு வீட்டுக்குப் போகிற முகம்தான். அவருக்கு ஏதோ புரிந்துவிட்டது. பாவம் என்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டு, முக்கால் மணி நேரம் நெரிசலில் ஓட்டி, பாந்திராவில் ஒரு கல்லறைத் தோட்டத்து வாசலில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்.

நான் வாசலிலேயே ஜெபம் பண்ணினேன். அண்ணாச்சிக்கோ சந்தோஷம். "கேட்டது கெடைச்சிருச்சுல்ல. ஒரு ஆத்மி இல்ல பாரு" என்று உள்ளே நடந்தார். ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக்கொண்டு போனார். ஒரு குடும்பக் கல்லறையில் நாலு பேருடைய பெயர் வெட்டியிருந்தது. அதற்குக் கீழே ஒரு வரிக்கு இடம் விட்டு வைத்திருந்தார்கள்.

"இங்கயும் மேன் லிமிட் கரெக்டா இருக்கு பாத்தீகளா" என்று நான் சொன்னேன். வாழ்நாளில் என்னுடைய இரண்டாவது ஜோக்.

அண்ணாச்சி சிரிக்கவில்லை. அந்தக் காலி இடத்தை விரலால் ஒரு தரம் தடவிவிட்டு வெளியே வந்துவிட்டார். ஜோக்கெல்லாம் நமக்கு வராது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அங்கிருந்து நடந்தே கடற்கரைக்குப் போனோம். பாறையும் தண்ணீரும். அண்ணாச்சி ஒரு பாறையில் சாய்ந்து உட்கார்ந்து, "இதுதான்லே ஷெட்டு. கூரை இல்ல, சொவரு இல்ல, எம்புட்டுப் பேரு வேணா இருக்கலாம்" என்றார். சைக்கிளில் ரப்பர் ஹாரனை அமுக்கிக்கொண்டு ஒருவர் இட்லி விற்று வந்தார். கேரியரில் அலுமினியப் பாத்திரம். எங்களைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

"எந்த ஊரு அண்ணாச்சி?"

"விருதுநகர் பக்கம், ஆமத்தூரு. நீங்க?"

"கோவில்பட்டி. நம்ம பக்கத்து ஆளுகன்னு பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. வேற எவன் இந்த ஊர்ல வெறுங்காலோட நடப்பான்? சாப்பிட்டீகளா?"

மிச்சம் ஆறு இட்லி இருந்தது. அண்ணாச்சி நாலு தின்றுவிட்டு, இரண்டை எனக்கு விட்டார். எதிலும் அவருக்கு அளவு நாலுதான். அப்படியே கண்ணயர்ந்தும்விட்டார். எழுப்ப எனக்குக் கூச்சம்.

மூன்று மணிக்கு மழை பிடித்தது. எங்கள் ஊரில் வருஷம் முழுக்கப் பெய்கிற மழையை அந்த ஊர் ஒரு மணி நேரத்தில் பெய்து முடித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. எதிரே ஒரு கடையின் தாழ்வாரத்தில் இருபது பேர் ஒதுங்கினார்கள். நானும் இட்லிக்காரரும் ஒதுங்கினோம். அண்ணாச்சி மட்டும் வெளியே மழையில் நின்றுகொண்டு தலைகளை எண்ணினார். "உள்ள வாங்க அண்ணாச்சி" என்று இட்லிக்காரர் கூப்பிட்டார். "நீங்க இருங்க, பத்தொம்பது பேரு வெளிய போவட்டும்" என்றார் இவர்.

நாலரை மணிக்கு ஒரு ஆட்டோ கிடைத்தது. அரை மணி நேரத்தில் அது தெருமுனை வரை போனது. முன்னால் ரோட்டில் முழங்கால் தண்ணீர். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கிப் போயே விட்டார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே வந்த இட்லிக்காரர் எங்களைக் கண்டு பதறிப்போனார்.

"இனி ரோட்டை நம்பாதீக. ஏரோப்ளேன் போயிரும். இந்தா இங்கனதான் பாந்திரா ஸ்டேஷன். லோக்கல் ட்ரெய்ன்ல ஏறுங்க. நாலாவது ஸ்டேஷன் அந்தேரி. அங்கன எறங்கி ஆட்டோ பிடிச்சா அரை மணி நேரம்" என்று டிக்கெட்டும் எடுத்துக் கொடுத்து, பிளாட்பாரம் வரை வந்து விட்டுவிட்டுப் போனார்.

ஸ்டேஷன் கடிகாரத்தில் ஐந்தே முக்கால். ஏழரைக்கு விமானத்துக் கதவை மூடிவிடுவார்கள். அடுத்த விமானம் மறுநாள் மத்தியானம்தான். நிச்சயதார்த்தம் காலை ஒன்பது மணிக்கு.

முதல் ரயில் வந்தது. பம்பாய் ரயிலைப் பற்றி நான் கேள்விப்பட்டதுண்டு. கேட்டதெல்லாம் குறைவு. பெட்டியே தெரியவில்லை, மனிதர்கள்தான் ஒட்டிக்கொண்டு ஊர்ந்து வந்தார்கள். அண்ணாச்சி எண்ண ஆரம்பித்து, முப்பதில் நிறுத்திவிட்டு, ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அதன் இரும்புக் கையைப் பிடித்துக்கொண்டார். ரயில் போய்விட்டது. இரண்டாவது வந்தது, போனது. மூன்றாவதும் போனது.

"நீ போலே. நான் நடந்து வாரேன்" என்றார்.

"நாக்பூருக்கா?"

நாலாவது ரயில் வருவதாக அறிவிப்பு வந்தது. அப்போதுதான் நான் என்னிடம் இருப்பதே தெரியாத ஒரு சத்தத்தைப் போட்டேன்.

"அண்ணாச்சி! எம் மக அங்கன மோதிரத்தை வச்சுக்கிட்டு உக்காந்திருக்காணாச்சி! எந்திரிங்க! ஏறுங்கன்னா ஏறுங்க!"

பிளாட்பாரமே திரும்பிப் பார்த்தது. ஒரு போலீஸ்காரர் விசில் எடுத்தார். எனக்குக் காதெல்லாம் சுட்டது. அண்ணாச்சி என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"ஏலே, உங்க கம்பெனிக்கு வர்றதுக்கு முன்ன நான் வேற எடத்துல இருந்தேன். இருவத்தி ரெண்டு வயசு. வெத்தலைக்குச் சுண்ணாம்பு வாங்க பக்கத்து ஷெட்டுக்குள்ள போனேன். உள்ள நாலு பேரு. மாரியப்பன்னு ஒருத்தன், என் சேக்காளி. 'மேன் லிமிட் நாலுலே, போர்டைப் படிக்கத் தெரியாதா'ன்னு சிரிச்சுக்கிட்டே கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளுனான். நானும் சிரிச்சுக்கிட்டேதான் போனேன். பத்து எட்டு வச்சிருப்பேன்."

அவ்வளவுதான் சொன்னார். ஷெட் வெடிக்கிற சத்தம் கேட்டு வளர்ந்த எங்கள் ஊர்க்காரனுக்கு அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

முப்பது வருஷம். எத்தனை ஆயிரம் தடவை அந்தப் பேரைச் சொல்லிச் சிரித்திருப்பேன் என்று கணக்குப் போட முடியவில்லை. மத்தியானம் அந்தக் கல்லறையில் நான் அடித்த ஜோக் வேறு ஞாபகம் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். விமானம் போனால் போகட்டும் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. "சரிணாச்சி, இருப்போம்" என்றேன்.

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"எத்தன ஸ்டேஷன்னு சொன்னாரு?"

"நாலு."

"நாலா? நல்லாத் தெரியுமா?"

"நாலேதான்ணாச்சி."

"முதல்லயே சொல்லக்கூடாதாலே" என்று எழுந்தார்.

நாங்கள் ரயிலில் ஏறினோம் என்று சொன்னால் அது பொய். பின்னால் இருந்த ஊர் எங்களை ஏற்றியது. அந்தத் தள்ளுமுள்ளிலும் அண்ணாச்சி வாசல் கம்பியைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போனார். என் வலது கால் செருப்பு பாந்திராவிலேயே தங்கிவிட்டது. உள்ளே போனதும் அவர் வாசலோரத்தில் இரண்டு கம்பிகளை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, முதுகை வளைத்து, நடுவில் கொஞ்சம் இடம் பண்ணினார். அந்த வளைவுக்குள் நான், டிபன் டப்பா வைத்திருந்த ஒருவர், பூக்கூடைக்காரர் ஒருவர்.

"நீ ஒண்ணு, இவரு ரெண்டு, பூக்காரரு மூணு, நான் நாலு. இது நம்ம ரூமு" என்றார்.

கார் ரோடு ஸ்டேஷன் வந்தது. கூட்டம் முட்டியது. "லிமிட்! லிமிட்!" என்று அண்ணாச்சி கத்தினார். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. டிபன் டப்பாக்காரர் மட்டும், என்ன நினைத்தாரோ, அவரும் சேர்ந்து "லிமிட், லிமிட்" என்றார். ரூம் தப்பியது.

சாந்தாகுரூஸில் வண்டி கிளம்பிய பிறகு ஒரு ஆள் ஓடி வந்து வாசலில் தொற்றினார். நாற்பது வயதிருக்கும், தோளில் ஒரு பை. ஒரு கைதான் கம்பியில் இருந்தது. மழையில் அவர் கால் படியில் நிற்காமல் வழுக்கி வழுக்கி வெளியே போனது. வண்டி வேகம் எடுத்துவிட்டது. நான் அதைப் பார்த்தேன். வாயைத் திறந்தேன். என் சத்தமெல்லாம் பாந்திராவிலேயே செலவாகிவிட்டது.

அண்ணாச்சி ஒரு கம்பியை விட்டார். அந்த ஆளின் சட்டைக் கழுத்தைக் கொத்தாகப் பிடித்தார்.

"உள்ள வாலே! உள்ள வா! உள்ள வா!"

ஒரே இழுப்பு. அந்த ஆள் எங்கள் நாலு பேர் நடுவில் வந்து விழுந்தார். பூக்கூடை நசுங்கியது. அண்ணாச்சி பிடித்த சட்டையை அந்தேரி வரைக்கும் விடவில்லை. யாரையும் எண்ணவில்லை.

அந்தேரியில் எங்களை இறக்கினார்கள். அந்த ஆள் அண்ணாச்சியின் கையைப் பிடித்து இந்தியில் ஏதேதோ சொன்னார். "ஜல்தி, ஜல்தி" என்று அவரை அனுப்பிவைத்துவிட்டு, என் காலைப் பார்த்தார்.

"இன்னொரு செருப்பையும் தூரப் போட்டுரு. இனிமே நீயும் நம்ம கம்பெனி."

ஏழு இருபத்தைந்துக்கு, சொட்டச் சொட்ட, விமானத்து வாசலில் கடைசி இரண்டு ஆட்களாக நின்றோம். அங்கேயும் மஞ்சள் பையைத் துடைத்திருந்தார்கள். இந்த முறை மெஷின் கத்தவில்லை. பம்பாய் மழை ஒரு நாளில் அதைக் கழுவியிருந்தது.

மறுநாள் காலை, மாப்பிள்ளையின் அப்பா கொடுத்த செருப்பில், அது இரண்டு அளவு பெரிசு, நான் அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். முப்பது பேர் இருந்தார்கள். ஜெபம் முடிந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் அண்ணாச்சியைத் தேடினேன். எனக்காகப் பேச வேண்டிய ஆள் வாசலுக்கு வெளியே, வெயிலில், கதவு நாதாங்கியைத் தொட்டுக்கொண்டு நிற்கிறார். அந்தேரியோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைத்திருந்தேன். அப்படியெல்லாம் சரியாகிவிடாது போல.

எஸ்தர் என் முழங்கையைத் தொட்டாள். எழுந்தேன். கால் செருப்புக்குள் நீந்தியது. ராத்திரி முழுக்க மனப்பாடம் செய்த சம்மத வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. வாசலில் நிற்கிற அந்த முகம் மட்டும்தான் கண்ணில் பட்டது. அத்தனை பேருக்கு முன்னால் என் வாயிலிருந்து இதுதான் வந்தது:

"அண்ணாச்சி, உள்ள வாங்க. எடமிருக்கு."

அந்த வீட்டில் யாருக்கும் தமிழ் தெரியாது. என் மகள் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், பிறகு எழுந்து இந்தியில் எடுத்துச் சொன்னாள். எல்லாரும் கை தட்டினார்கள். மாப்பிள்ளையின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்ன சொன்னாய் என்று பிறகு கேட்டேன். "நீங்க சொன்னதைத்தான்ப்பா சொன்னேன். 'உள்ள வாங்க, எங்க வீட்டுல உங்க எல்லாருக்கும் இடமிருக்கு'ன்னு" என்றாள். என் மனைவி இன்னமும் அதை நான் யோசித்துப் பேசியதாகத்தான் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

எண்ணிப் பார்த்தேன். சரியாக நாலு வார்த்தை.

அண்ணாச்சி உள்ளே வந்தார். முப்பத்தோராவது ஆளாக, கதவுக்குப் பக்கத்தில், சப்பணமிட்டு உட்கார்ந்தார். மோதிரம் மாற்றுகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தார். வேர்த்து ஊற்றியது. ஆனால் எழுந்திருக்கவில்லை.

ஊருக்கு வந்த பிறகு எல்லாம் பழையபடிதான். சைக்கிள், செருப்பில்லாத கால், இரும்பைத் தொடுகிற கை. முடிவெட்டுகிற கடைக்கு நான் போயிருக்கும்போது அவர் வந்து வெயிலில் நின்றால், உள்ளே இருக்கிற நாலாவது ஆள் நானாக இருந்தால், முகத்தில் சோப்பு நுரையோடு எழுந்து வெளியே வந்துவிடுகிறேன். அவர் உள்ளே போய் உட்காரட்டும்.

எழுதி முடித்தது: தீபாவளிக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை. கம்பெனி லீவு.